கண்ணாடிக் குடம் கவிழ்த்த பட்டாளம்

அந்த வயதில் நான் யாரையும் நம்பியதில்லை. பால்காரர் தண்ணீர் கலக்கிறார், அண்ணன் என் பங்கு வெல்லத்தைக் கடித்துவிட்டுத் தருகிறான், அம்மா அவனுக்குத்தான் பெரிய தோசையாக ஊற்றுகிறாள் என்று வீட்டுக்குள்ளேயே துப்பறிந்துகொண்டிருந்தேன். அப்படிப்பட்டவளிடமே திருட்டு நடந்தால் சும்மா விடுவேனா?

யுத்த காலம். மதுரைக் கீழவாசலில் என் அப்பாவுக்கு, எங்கள் பேச்சில் அத்தாவுக்கு, மளிகைக் கடை. பொட்டலம் மடிக்கும் பேப்பருக்குத் தட்டுப்பாடு வந்ததால், வெள்ளைக்காரச் சிப்பாய்கள் தங்கியிருந்த முகாமில் கழித்துப்போட்டதைக் கட்டுக்கட்டாக வாங்க ஆரம்பித்தார். அதற்குள்தான் அந்தக் கலர் படக்கதைகள் இருந்தன. வாலில் நெருப்பைக் கக்கிக்கொண்டு சந்திரனுக்குப் போகும் கப்பல், தலையில் கண்ணாடிக் குடத்தைக் கவிழ்த்துக்கொண்ட வீரர்கள், மூன்று கண் முளைத்த பச்சை மனிதர்கள். பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா சீரகம் மடிப்பதற்குள் அந்தத் தாள்களை உருவி, ஒரு பிஸ்கட் டின்னில் சேர்த்து வைத்தேன்.

அதே வீரன் டவுனில் இங்கிலீஷ் படம் போடும் கொட்டகையிலும் வந்தான். வாரத்துக்கு ஒரு துண்டாகக் கதையை ஓட்டினார்கள். எனக்கு அங்கே போக அனுமதி இல்லை. அண்ணன் பார்த்துவிட்டு வந்து, பாதியை அவனாகச் சேர்த்துச் சொல்வான். ஆபரேட்டர் வெட்டிப்போட்ட பிலிம் துண்டுகளையும் பொறுக்கி வருவான். வெயிலில் பிடித்தால் நகத்தளவில் அதே கண்ணாடிக் குடம்! அதுவும் டின்னுக்குள் போகும். எங்கள் தெருவில் வேறு யாரிடமும் அப்படியொரு சொத்து கிடையாது.

பிறகுதான் தாள்கள் காணாமல் போக ஆரம்பித்தன. பிலிம் துண்டுகளை யாரும் தொடவில்லை. தாள்கள் மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குறைந்தன.

முதலில் அண்ணனைப் பிடித்தேன்.

"அல்லா மேல சத்தியமா நான் தொடல. ஒன் குப்பைய எவன் எடுப்பான்?" என்றான். அவன் சத்தியம் செய்த வேகமே எனக்குச் சரியாகப் படவில்லை.

அடுத்து அம்மா. பேப்பர் போதாமல் என் டின்னில் கை வைத்திருப்பாளோ என்று, கடையில் மடித்து அடுக்கியிருந்த மிளகுப் பொட்டலங்களைப் பிரித்துப் பார்த்தேன். மிளகு வாசல் வரை உருண்டது. அத்தா முதுகில் வைத்த அடி சாயங்காலம் வரை எரிந்தது.

அம்மாவின் தங்கையான சின்னம்மாவை மட்டும் நான் சந்தேகப்படவில்லை. அவள் புருஷன், எங்கள் சின்னத்தா, பட்டாளத்தில் சேர்ந்து மலேயாவுக்குக் கப்பலேறியதிலிருந்து அவள் எங்களோடுதான் இருந்தாள். சிங்கப்பூர் ஜப்பான்காரன் கையில் விழுந்த பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. சின்னம்மாவுக்கு எழுத்துத் தெரியாது, கொட்டகைப் பக்கம் போனதும் கிடையாது. அவளுக்கு எதற்கு வானக்கப்பல்?

துணிக்குப் போடும் நீலத்தூளை டின் மூடியின் விளிம்பில் தடவி வைத்தேன். ஈரம் பட்டால் லேசில் போகாது. மறுநாள் மத்தியானம் எல்லோருடைய கையையும் நோட்டம் விட்டபடி சாப்பிட உட்கார்ந்தேன். என் சோற்றில் ஆணம் ஊற்றிய விரல்கள் நீலமாக இருந்தன.

நான் வாயைத் திறப்பதற்குள் சின்னம்மா என் கையைப் பிடித்து அறைக்குள் இழுத்துப் போனாள். அவளுடைய டிரங்குப் பெட்டியில், சேலைகளுக்கு அடியில், என் தாள்கள் கசங்காமல் இருந்தன.

"சத்தம் போடாத தாயி. பட்டாளத்துலருந்து வந்த பேப்பருதான இது? நீ இங்கிலீசு படிக்கிற புள்ள. இதுல உங்க சின்னத்தா இருக்காகளான்னு பாத்துச் சொல்லு. இந்தக் கண்ணாடிக்குள்ள மூஞ்சி வெளங்க மாட்டேங்குது."

எனக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டத்தான் தெரியும். ஆனால் என் சொத்து இவள் பெட்டியில் கிடக்கிறதே என்று வந்ததே ஆத்திரம்!

"இது பொய்க்கதை சின்னம்மா. சும்மா வரைஞ்சது."

"பாக்காமலா வரைவாக? விசப்புகை வந்தா பட்டாளத்துல மூஞ்சிய மூடிக்கிருவாகன்னு உங்க அத்தாவே சொன்னாகளே."

"அப்ப இந்த மூணு கண்ணன்?"

"அது எதிரியா இருக்கும்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அய்யோ சின்னம்மா! இவுக யாருமே கெடையாது. ஒருத்தர்கூட நெசமில்ல."

அவளுடைய நீல விரல், குடம் கவிழ்க்காமல் மெலிந்த முகமும் அரும்பு மீசையுமாக இருந்த ஒரு வீரன்மேல் நின்றது.

"இவுக கூடவா?"

"அவுகளுந்தான்."

அவள் தாள்களை ஓரம் சேர்த்துத் தட்டி என் கையில் கொடுத்தாள். நான் அங்கேயே நின்று சரிபார்த்தேன். ஒன்றும் குறையவில்லை. எனக்கு ஒரே சந்தோஷம்.

அன்று முதல், தபால்காரர் குரல் கேட்டால் வாசலுக்கு ஓடுகிற வழக்கத்தைச் சின்னம்மா விட்டுவிட்டாள். திருடி மாட்டிக்கொண்ட வெட்கத்தில்தான் வெளியே தலைகாட்டவில்லை என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.