கிரீச்சின் சைக்கிள்

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் வில்லை தேய்ப்பவர் அவர். முன்பக்கம் கண்ணாடி அலமாரியும் விளக்குமாக மினுங்கும். பின்னறையில் ஒரு தேய்ப்பு இயந்திரம், ஒரு தண்ணீர்த் தொட்டி, முதுகு வலிக்கும் ஒரு ஸ்டூல். வாடிக்கையாளர்கள் அவரைப் பார்த்ததில்லை. தேய்த்து முடித்த ஒவ்வொரு வில்லையையும் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் சிறிய பூதக்கண்ணாடியால் விளிம்பு முழுக்கச் சுற்றிப் பார்ப்பார். மயிரிழை விரிசல் தென்பட்டால் மஞ்சள் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துக் கழிவுப் பெட்டியில் போட்டுவிடுவார். விரிசல் விட்ட வில்லை ஒன்றுகூட அவர் கையைத் தாண்டி முன்னறைக்குப் போனதில்லை. அதில் அவருக்குப் பெருமை உண்டு. சொல்லிக்கொள்ளத்தான் ஆள் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பெயர் கிரீச். அந்தப் பெயரை உதறுவதைத் தவிர வாழ்க்கையில் பெரிதாக எதற்கும் அவர் ஆசைப்பட்டவரில்லை.

பெயர் வைத்தது மலைசைக்கிள் கூட்டம். பல் டாக்டர், பேக்கரிக்காரர், ஆடிட்டர், இன்னும் சிலர். ஊருக்கு வெளியே கைவிடப்பட்ட கல்குவாரிக்குப் பின்னால் ஒரு குன்று இருக்கிறது. காலையில் அதன் அடிவாரத்தில் கூடுவார்கள். கூடியதும் ஏறிவிட மாட்டார்கள். முதலில் ஒருவர் சைக்கிளை ஒருவர் பரிசோதிக்க வேண்டும். யார் புது பிரேக் போட்டிருக்கிறார், யார் டயர் தேய்ந்துவிட்டது, யார் எதை எவ்வளவுக்கு வாங்கி ஏமாந்தார் என்று தட்டிப் பார்த்து, தூக்கிப் பார்த்து, குறை சொல்லி முடிப்பதற்குள் வெயில் ஏறிவிடும். கடைசி வார்த்தை டாக்டருடையது. அவர் வாங்கச் சொன்னதை வாங்குவார்கள், கழற்றச் சொன்னதைக் கழற்றுவார்கள்.

டாக்டர் போட்ட சட்டம் ஒன்று உண்டு. சத்தம் போடும் சைக்கிள் கடைசியில்தான் வர வேண்டும்.

கிரீச் அந்தக் கூட்டத்துக்கு முதன்முதலாகப் போனபோது ஒரு பழைய கனத்த சைக்கிளை ஓட்டிக்கொண்டு போனார். டாக்டர் அதை ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்தார்.

"இதுல மலை ஏறினா சைக்கிள் உன்னைத் தூக்காதுப்பா. நீதான் அதைத் தூக்கிட்டு வரணும்."

பிறகு தன்னுடைய பழைய அலுமினிய ஃப்ரேம் சைக்கிளைக் கொடுப்பதாகச் சொன்னார். இவ்வளவு நல்லது இந்த விலைக்குக் கிடைக்காது என்றார். வாங்கிய அன்று, ஃப்ரேமின் கீழ்க்குழாய் கைப்பிடிப் பக்கம் போய்ச் சேரும் இடத்தில், அடிப்பக்கமாக, கூட்டத்தின் வட்ட ஸ்டிக்கரைத் தன் கையாலேயே ஒட்டிவிட்டார்.

"இது கடையில கிடைக்காது. நான் குடுத்தாத்தான் உண்டு. இதை உரிச்சவன் கூட்டத்தை விட்டுப் போனவன். புரியுதா?"

கிரீச்சுக்கு நன்றாகப் புரிந்தது. அன்றிரவு தூங்கப் போகுமுன் அந்த ஸ்டிக்கரை இரண்டு தடவை போய்த் தடவிப் பார்த்துவிட்டு வந்தார்.

முதல் ஏற்றத்திலேயே சத்தம் தொடங்கிவிட்டது. எழுந்து நின்று மிதிக்கும்போதெல்லாம் கிரீச், கிரீச்.

"யாரு வீட்டுக் கதவுப்பா அது? கொஞ்சம் எண்ணெய் விடுங்க" என்றார் பேக்கரிக்காரர்.

"கதவு இல்லய்யா, அவரோட முட்டி" என்றார் ஆடிட்டர்.

மேலே போய்ச் சேர்வதற்குள் பெயர் நிலைத்துவிட்டது.

மலைசைக்கிளில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு. உள்ளீடற்ற குழாய்களில் சத்தம் ஓடும். பின்னால் பிறந்தது முன்னால் கேட்கும், மேலே பிறந்தது காலடியில் கேட்கும். டாக்டர் மண்டிபோட்டு, காதை வைத்துக் கேட்டு, "பெடல்லதான்" என்றார். கிரீச் பெடலைக் கழற்றினார். இடது பெடலின் மரை எதிர்ப்பக்கம் சுற்றும் என்று தெரியாமல் ஸ்பேனரோடு மல்லுக்கட்டிக் கையைக் கிழித்துக்கொண்டார். கிரீஸ் வைத்து மாட்டினார். சத்தம் போகவில்லை. புதுப் பெடல் வாங்கினார். போகவில்லை.

"அப்ப சீட்டுக் கம்பி" என்றார் டாக்டர். அதுவும் மாறியது.

"அப்ப பாட்டம் பிராக்கெட்." பெடல் தண்டு சுழலும் அந்த பேரிங்கை, டாக்டர் சொன்ன கம்பெனியில், டாக்டர் சொன்ன கடையில் வாங்கினார். பிறகு செயின். பிறகு பல்சக்கரம். பழசை எல்லாம் ஒரு அட்டைப் பெட்டியில் போட்டுவைத்தார். அந்தப் பெட்டியில் இருந்ததை எல்லாம் பூட்டினால் இன்னொரு சைக்கிளில் பாதி வந்திருக்கும்.

"இந்தச் சைக்கிளுக்கு நீங்க இன்னும் வாங்காதது ஹாரன் மட்டும்தான். அதுவும் தேவையில்ல, அதுதான் தானே கத்துதே" என்றாள் மனைவி.

இரண்டு வருடம் அவர் கடைசியில் போனார். முன்னால் போகிறவர்கள் கிளப்பிய புழுதி முழுவதும் அவருக்கு. கீழே இறங்கும் வழியில் இடுப்பளவு உயரத்துக்குப் பாறை ஒன்று செங்குத்தாக இறங்கும். எல்லோரும் அங்கே குதிப்பார்கள். அவர் இறங்கி நடப்பார். ஆள் மெலிந்தவர், ஓட்டுவதும் பூப்போல. அதனால் பிழைத்திருந்தார் என்பது பின்னால்தான் தெரிந்தது.

பெயர் வீட்டுக்குள்ளும் வந்தது. கொண்டுவந்தவன் மச்சினன், மனைவியின் தம்பி. வீட்டுச் சாமான் கடையின் லாரியில் ஏற்றி இறக்கும் வேலை அவனுக்கு. ஃபிரிஜ்ஜை முதுகில் கட்டிக்கொண்டு மூன்று மாடி ஏறுவான், இறங்கும்போது பாடிக்கொண்டு வருவான். ஒருநாள் வழியில் கூட்டத்தைப் பார்த்து, அவர்கள் கூப்பிடுவதைக் கேட்டு வந்துவிட்டான். அன்றைக்குச் சாப்பிடும்போது மாமியார் முன்னால் தொடங்கினான்.

"அக்கா, கிரீச் மாமாவுக்கு இன்னும் கொஞ்சம் போடு. பாவம், எண்ணெய் கம்மியாயிடுச்சு."

மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மனைவியும் சிரித்தாள். அவரும் சிரித்தார்.

ஒரு மழைக்காலத்தில், சேறு கழுவும்போது, ஸ்டிக்கரின் ஓரம் தூக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். அப்படியே அழுத்திவிட அவருக்கு மனம் வரவில்லை. முழுக்க உரித்து, ஸ்பிரிட்டால் துடைத்து, மறுபடி சுத்தமாக ஒட்ட நினைத்தார். உரித்தார். பற்றவைப்பின் ஓரத்தில் ஒரு கோடு இருந்தது.

பூதக்கண்ணாடியை எடுத்துவந்தார். கோடு இல்லை, விரிசல். குழாயின் அடிவட்டத்தில் கால்வாசி தூரம் ஓடியிருந்தது. அதன்மேல் யாரோ அதே நிறப் பெயின்ட்டை மிக மெல்லிய தூரிகையால் தொட்டுவைத்திருந்தார்கள். சுத்தமான வேலை, நடுங்காத கை. அந்தப் பெயின்ட்டும் அதே கோட்டில் பிளந்திருந்தது. கீழ்க்குழாயை இரு கையாலும் பிடித்து அழுத்தினார். கிரீச் என்றது.

"என்ன அப்படிப் பாக்குறீங்க, உள்ள தங்கமா இருக்கு?" என்றாள் மனைவி, துணி உலர்த்த வந்தவள்.

"பெயின்ட் போயிருக்கு."

போய் டாக்டரின் சட்டையைப் பிடித்திருக்கலாம். ஆனால் கூட்டத்தில் இதைச் சொன்னால் என்ன பேச்சு வரும் என்று அவருக்குத் தெரியும். விரிசல் பார்த்தே சம்பளம் வாங்குகிறவர் விரிசல்மேல் உட்கார்ந்து இரண்டு வருடம் ஊர்வலம் போயிருக்கிறார் என்பார்கள். டாக்டரைப் பார்த்து யாரும் சிரிக்க மாட்டார்கள். ஃப்ரேமை அறுத்து எடைக்குப் போட்டிருக்கலாம். ஒரு மஞ்சள் புள்ளி வைத்துக் கழிவுப் பெட்டி, அவ்வளவுதானே.

அவர் டாக்டரின் கிளினிக்குக்குப் போனார். நோயாளி யாருமில்லாத நேரம். டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"என்னப்பா, பல் வலியா?"

"இல்ல டாக்டர். ஸ்டிக்கர் உரிஞ்சுபோச்சு. புதுசு ஒண்ணு வேணும்."

டாக்டர் ஒரு கையுறையோடு அப்படியே நின்றார். குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"சைக்கிளைக் குடுத்துடலாம்னு இருக்கேன். மச்சினன் கேக்குறான்" என்றார் கிரீச்.

டாக்டர் இழுப்பறையைத் திறந்து ஒரு ஸ்டிக்கரை எடுத்தார். கொடுக்காமல் விரலில் வைத்துக்கொண்டிருந்தார்.

"எங்க ஒட்டப் போறே?"

"பழைய இடத்துலேயே."

"அதான் நல்லது" என்றார் டாக்டர். கொடுத்தார்.

அடுத்த வாரம் மச்சினன் அந்தச் சைக்கிளோடு அடிவாரத்துக்கு வந்தான். கிரீச் அதற்குள் புதிது ஒன்று வாங்கியிருந்தார். பேக்கரிக்காரர் மச்சினனைச் சுற்றி வந்தார்.

"சைக்கிள் பழசு, ஆள் புதுசு. என்னப்பா, சாப்பாட்டுக்கு உங்க வீட்டுல தனி லாரியா?"

"லாரி இல்லண்ணே, அக்கா வீடுதான்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். பார்த்த உடனே அவனை எல்லோருக்கும் பிடித்துவிட்டது.

முதல் ஏற்றத்தில் கிரீச் என்றது. "அய்யோ, சத்தம் சீதனமா வந்துடுச்சுடா!" என்றார் ஆடிட்டர். மேலே போய்ச் சேர்வதற்குள் அவன் சின்ன கிரீச் ஆகிவிட்டான். அவன் 'மாமா, மாமா' என்று கூப்பிட்டதைப் பார்த்து எல்லோரும் வில்லை தேய்ப்பவரை மாமா என்றே கூப்பிடத் தொடங்கினார்கள். கிரீச் என்று யாரும் சொல்லவில்லை. அவர் டாக்டருக்கு அடுத்து, இரண்டாவதாகப் போனார். புழுதி இல்லை. காற்றுக்கு ஒரு வாசனை இருப்பதே அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

ஓய்வெடுக்கும்போது மச்சினன் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திக் கேட்டான். "மாமா, இந்தச் சத்தம் எங்கேருந்து வருது?"

அவர் மண்டிபோட்டு, காதை வைத்து, கேட்டார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பெடல்லதான் மாப்ள" என்றார்.

மச்சினன் பெடல் வாங்கினான். சீட்டுக் கம்பி வாங்கினான். மாமா சொன்ன கடையில், மாமா சொன்னதை. பாட்டம் பிராக்கெட் வாங்கச் சம்பளம் வரட்டும் என்று காத்திருந்தான்.

அதற்குள் அவனுக்கு அந்தப் பாறையில் குதிக்க ஆசை வந்துவிட்டது. அன்று கூட்டம் முழுவதும் குதித்து இறங்கிக் கீழே நின்றது. டாக்டரும் மாமாவும் பக்கத்தில் பக்கத்தில். மேலே விளிம்பில் அவன் மட்டும்.

"மாமா! குதிக்கலாமா?"

இறங்கி நட என்று சொல்லியிருக்கலாம். எல்லோரும் ஏன் என்று கேட்பார்கள்.

"சின்ன கிரீச்சு, பயமா இருந்தா அக்காவைக் கூட்டிட்டு வரவா?" என்று கத்தினார் பேக்கரிக்காரர்.

டாக்டர் குனிந்து தன் பிரேக் பிடியைத் திருகிக்கொண்டிருந்தார். அதில் திருகுவதற்கு ஒன்றும் இல்லை.

மாமா கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

கிரீச் என்ற சத்தம் வரவில்லை. காய்ந்த குச்சி ஒடிவதுபோல் ஒரு சத்தம் வந்தது. முன்சக்கரம் கைப்பிடியோடு தனியாகப் பிரிந்து ஒருபக்கம் போனது. மிச்சச் சைக்கிளும் அவனும் நேராகத் தரைக்கு வந்தார்கள். முகம் முதலில்.

டாக்டர்தான் முதலில் ஓடினார். வாய்க்குள் விரல் விட்டு ரத்தத்தை வழித்தார். முன்பற்கள் போய்விட்டன, தோள் எலும்பும் போயிருக்கிறது என்றார். ஆடிட்டர் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். பேக்கரிக்காரர் உடைந்த ஃப்ரேமைத் தூக்கிப் பார்த்தார். எல்லா ஞாயிறும் செய்கிற பரிசோதனைதான், கை பழகிவிட்டது.

"இங்க பாருங்க. பாதி பளபளன்னு இருக்கு, பாதி கறுத்திருக்கு."

"கறுத்தது பழைய விரிசல். ரொம்ப நாளாவே விட்டிருக்கு" என்றார் ஆடிட்டர். "மாமா, நீங்க பாக்கலையா?"

"மேல ஸ்டிக்கர் இருந்துச்சு" என்றார் மாமா.

டாக்டர் நிமிராமலே சொன்னார். "ஸ்டிக்கரை யாரும் உரிக்கறதில்லையே."

அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. ஒருவரைக் காட்டிக்கொடுத்தால் இன்னொருவரும் மாட்டுவார். அந்தக் கணக்கு இருவருக்கும் சரியாக வந்தது.

மச்சினனுக்கு டாக்டர் பற்கள் கட்டிவிட்டார். நம்ம பையன் என்று பாதிக் காசுதான் வாங்கினார். தோள் முன்போல் கூடவில்லை. ஃபிரிஜ் தூக்கக் கூடாது என்றுவிட்டார்கள். லாரி வேலை போயிற்று. கடை வாசலில் ஸ்டூல் போட்டு, வருகிற வண்டிகளுக்கு ரசீது கொடுக்கிறான். பாடுவதில்லை. புதுப் பற்களின் வழியாகக் காற்றுப் போகிறது, அது அவனுக்கே சிரிப்பாக இருக்கிறதாம்.

தம்பி மருத்துவமனையிலிருந்து வந்த வாரத்தில் மனைவி ஒருமுறை கேட்டாள். மெதுவாகத்தான் கேட்டாள்.

"அன்னிக்குக் கண்ணாடி வச்சு என்ன பாத்தீங்க?"

"பெயின்ட்" என்றார்.

அவள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அவர் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள். அதன் பிறகு அவரோடு தேவைக்கு மேல் அவள் பேசியதில்லை. தம்பியிடம் எதுவும் சொல்லவும் இல்லை. சொன்னால் அவன் இந்த வீட்டுக்கு வருவது நின்றுவிடும். அவனுக்கு வேறு போக்கிடமும் இல்லை.

போன ஞாயிறு மாலை அவன் வந்திருந்தான். கூடத்தில் அவருக்கு எதிரே உட்கார்ந்து, நல்ல கையால் வலிக்கும் தோளைத் தேய்த்துக்கொண்டே கேட்டான்.

"மாமா, தோளு கொஞ்சம் சரியானதும் மறுபடி வரலாம்னு பாக்குறேன். அடுத்து என்ன சைக்கிள் வாங்கலாம்? நீங்க சொன்னா சரி."

சமையலறையில் ஓடிக்கொண்டிருந்த குழாய் நின்றது.

"டாக்டர் தன்னோடதை விக்கப் போறாராம்" என்றார் அவர். "அவசரப்படாத மாப்ள. நான் பாத்துச் சொல்றேன்."