அண்ணன் எடுக்கச் சொன்ன புத்தகம்

"புத்தகத்தை இணையத்திலிருந்து எடுத்துவிடவும். காரணம் நேரில் சொல்கிறேன்." சென்ற ஆண்டு மகா சிவராத்திரிக்கு மறுநாள் காலையில், அண்ணன் தம் பழைய மாணவர் முத்துப்பாண்டிக்குக் கைப்பேசியில் அனுப்பிய செய்தி இது. நானே பார்த்துப் படியெடுத்தேன். முத்துப்பாண்டி சென்னையில் வேலை பார்ப்பவர். அடுத்த முறை மதுரை வரும்போது பேசிக்கொள்ளலாம் என்று இருந்திருக்கிறார்கள். பங்குனி முதல் வாரத்தில் அண்ணன் மாரடைப்பால் மறைந்தார்.

முதலாம் ஆண்டு நினைவு மலருக்கு எழுத வேண்டியவன் நான், அவருடைய ஒரே தம்பி. தேதி தவறாமல் எழுதுவேன் என்று உறவினர்கள் நம்புகிறார்கள். ஆனால் பிறந்த நாளிலேயே தடுமாற்றம். பள்ளிச் சான்றிதழில் அண்ணன் பிறந்தது ஆனி மாதம். அம்மா சொன்னதோ தீபாவளிக்கு மறுநாள். அம்மா சொன்னதையே எடுத்துக்கொள்கிறேன்.

வாடிப்பட்டிப் பக்கம் பிறர் வயல்களில் நடவும் அறுப்புமாக வாழ்ந்த பெற்றோருக்கு மூத்த பிள்ளை அண்ணன். மதுரையில் வணிகவியல் படித்தபோது புள்ளியியல் புத்தகம் வாங்க வழியில்லை. தல்லாகுளத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்த நண்பர் மதியம் தூங்கும் நேரத்தில் அவருடைய புத்தகத்தைப் படித்துத்தான் தேறினார். பிறகு பசுமலையில் ஒரு கல்லூரியில் அதே பாடத்துக்கு ஆசிரியரானார்.

அங்கே அவர் செய்த முதல் வேலை, சொந்தக் காசில் வாங்கிய புத்தகத்தின் முதுகை அறுத்து, ஐந்து யூனிட்டுகளையும் தனித்தனியாகத் தைத்து, ஐந்து மாணவர்களிடம் கொடுத்தது. வாரம் ஒருமுறை மாற்றிக்கொள்ள வேண்டும். உடன் பணியாற்றிய நண்பர் ஒருவர், "என்ன சார், கறிக்கடை மாதிரி கூறு போடுறீங்க?" என்று கேட்டாராம்.

"கூறு போட்டாத்தானய்யா அஞ்சு வீட்டுக்கும் போகும்" என்றாராம் அண்ணன்.

ஆனால் மூன்றாம் யூனிட் முதலில் கிடைத்த மாணவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. முதல் இரண்டையும் படித்தால்தானே அது புரியும்! இதற்காகவே, எந்த யூனிட்டை முதலில் எடுத்தாலும் புரியும்படி அண்ணன் தாமே ஒரு புத்தகம் எழுதத் தொடங்கினார். கோடை விடுமுறைகள் பல அதில் கரைந்தன. ஓய்வு பெற்ற பிறகுதான் முடிந்தது. விலை கிடையாது. முத்துப்பாண்டி அதை இணையத்தில் ஏற்றினார். வேண்டிய பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் கடையில் எடுத்துக்கொண்டார்கள் பிள்ளைகள்.

அதைத்தான் எடுக்கச் சொன்னார்.

ஏன் என்று முத்துப்பாண்டியிடம் கேட்டேன். "எடுன்னாரு, எடுத்துட்டேன்ணே. சாருகிட்ட ஏன்னு கேக்குற பழக்கம் எங்க செட்டுல யாருக்கும் கிடையாது" என்றார். கறிக்கடை என்று கேலி செய்த அந்த நண்பரோ, ஒரு பதிப்பகத்தார் புத்தகத்தை விலைக்குக் கேட்டதாகவும், அண்ணன் யோசனையில் இருந்ததாகவும் சொன்னார். மதினிக்கு அப்படி யாரும் வீட்டுக்கு வந்த நினைவில்லை. யாரோ இதை அச்சடித்து வேறு பெயரில் விற்றதைக் கேள்விப்பட்டு அண்ணன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்பது மதினி சொன்னது. அண்ணன் மகள் சொன்னது இன்னொன்று: ஒரு கணக்கில் பிழை இருப்பதாக அப்பா முணுமுணுத்துக்கொண்டிருந்தாராம். மூவருமே பொய் சொல்பவர்கள் அல்லர். மூன்றும் உண்மையாக இருக்கலாம் என்றும் தோன்றுகிறது. எதுவுமே காரணமில்லை என்றும் தோன்றுகிறது.

விலைக்குக் கொடுக்க நினைத்திருந்தால் நாங்கள் காத்திருக்க வேண்டும். பிழை என்றால் திருத்த வேண்டும். மனம் நொந்து எடுத்தார் என்றால் தொடவே கூடாது. இப்படியே மாதங்கள் போயின.

ஆவணியில் செல்லூரிலிருந்து ஒரு மாணவி வீட்டுக்கு வந்தார். பெற்றோர் விசைத்தறியில் வேலை செய்கிறார்கள். அவர் அதிகம் பேசவில்லை. "அம்மா, சார் புக்கு திரும்ப வருமா, வராதா? வராதுன்னா சொல்லிருங்க. கடையில வாங்கணும்னா எங்கம்மா சீட்டு எடுக்கணும்" என்று மட்டும் கேட்டார். மதினி காபி கொடுத்து, சொல்லி அனுப்புகிறேன் என்றார்.

அந்தப் பெண் தெருமுனை தாண்டும் வரை பார்த்துக்கொண்டு நின்ற மதினி, என் பக்கம் திரும்பினார்.

"அவுகளுக்கு ஒரு காரணம் இருந்திருக்கும், இல்லைங்கல. அது நமக்குத் தெரியல. இந்தப் பிள்ளைக்குப் பரீட்சை இருக்குறது தெரியுதே, தம்பி."

"அண்ணன் வேண்டாம்னு சொன்னதாச்சே, மதினி."

"கோவிச்சுக்கிட்டா என்னையத்தான் கோவிப்பாக. நான் பாத்துக்கிறேன்."

விநாயகர் சதுர்த்தி அன்று புத்தகம் மறுபடி இணையத்தில் ஏறியது. ஆசிரியர் மறைவுக்குப் பின் குடும்பத்தார் வெளியிடுவது, ஆசிரியரின் இசைவு தெரியாது என்று முதல் பக்கத்தில் எழுதச் சொன்னேன். மதினி தடுக்கவில்லை.

அண்ணனின் கடைசி நாளில் ஆட்டோவை மருத்துவமனை வாசல் வரை விரட்டிய பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும், பதினாறு நாளும் அடுப்பைக் கவனித்துக்கொண்ட சம்பந்தி வீட்டாருக்கும், தொலைவிலிருந்து வந்து நின்ற மாணவர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டுள்ளது. புத்தகத்தின் எல்லாக் கணக்குகளையும் மீண்டும் போட்டுப் பார்த்த இரண்டு ஆசிரியர்களுக்குத் தனி நன்றி. நான்காம் யூனிட்டின் கடைசிக் கணக்கில் மட்டும் ஒருவருக்கு அண்ணன் கொடுத்த விடையே வந்தது. மற்றவருக்கு வேறு விடை வந்தது. எது சரி என்பது இம்மலர் அச்சுக்குப் போகும் வரை உறுதி செய்யப்படவில்லை.