பாட்டிலில் இருந்த காலி

இன்று சித்தூரில் ஒரு பள்ளியில் அறிவியல் கண்காட்சி. என்னை நடுவராகக் கூப்பிட்டிருந்தார்கள்.

ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி, செடி வளர என்னென்ன வேண்டும் என்று காட்ட மூன்று பாட்டில்கள் வைத்திருந்தாள். ஒன்றில் மண். ஒன்றில் தண்ணீர். மூன்றாவதில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மூடி மட்டும் இறுக்கமாக இருந்தது.

"இதுல என்னம்மா?"

"காலி சார்."

"காலி பாட்டிலுக்கு எதுக்கும்மா மூடி?" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். என் நகைச்சுவை எனக்கே பிடித்துப்போய், சிரித்தபடி அடுத்த மேசைக்குப் போய்விட்டேன்.

அவள் தோழி பின்னாலேயே ஓடி வந்தாள். "சார், அவ தெலுங்குல சொன்னா சார். காலின்னா காத்து. அங்க அழுதுக்கினு கீறா."

தமிழும் தெலுங்கும் கலந்து பேசும் ஆந்திர எல்லை ஊரான நகரிக்காரன் எனக்கு இது தெரியாதா? காலையில்தான் பங்க்சர் கடையில் வண்டியை நிறுத்தி, "காலி கொட்டண்டி" என்று சொல்லி டயருக்குக் காற்றடித்துக்கொண்டு வந்தேன்.

திரும்பிப் போனேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"தப்பு என்னோடதும்மா. இப்ப சொல்லு, இதுல என்ன கீது?"

பாட்டிலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"ஒண்ணும் இல்ல சார்."

அறிவியல் கண்காட்சிக்குப் போய், ஒரு குழந்தையின் பாட்டிலிலிருந்து காற்றைப் பிடுங்கிவிட்டு வந்திருக்கிறேன்.

கீழே கமெண்ட் பகுதி காலியாகத்தான் இருக்கிறது. தமிழிலோ தெலுங்கிலோ, திட்டிவிட்டுப் போங்கள்.