ஆமா சிஸ்டர்

எங்கள் ஆஸ்பத்திரியில் அப்போது ஏசி இருந்த அறைகள் மூன்றே மூன்று. ஆபரேஷன் தியேட்டர், சூப்பிரண்டின் அறை, பிறகு இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில் மாடியில் வந்த கம்ப்யூட்டர் அறை. மூன்றாவது அறையில் நர்ஸ்களுக்கு ஏதோ பயிற்சி என்று நோட்டீஸ் போட்டபோது, என்ன பயிற்சி என்று எங்களில் யாரும் கேட்கவில்லை. குளிருக்காகவே பெயர் கொடுத்தோம். பன்னிரண்டு பேர். செவ்வாயும் வியாழனும் காலை டியூட்டி முடிந்து, செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, இரண்டு மணிக்கு உள்ளே போய் உட்காருவோம். இரண்டரைக்குள் நாலு பேராவது தூங்கிவிடுவார்கள்.

சொல்லிக்கொடுக்க வந்தவர் பதினைந்து வருடம் கல்ஃபில் நர்ஸாக இருந்து திரும்பியவர். நாங்கள் மேடம் என்று கூப்பிட்டோம். அதட்ட மாட்டார். தூங்குபவரின் பக்கத்தில் போய் நின்று பாடத்தைத் தொடர்வார், அவ்வளவுதான். எழுப்புவதைவிட அது மோசமாக இருக்கும்.

பயிற்சிக்குப் பெயர் கேர் கோஆர்டினேஷன். விஷயம் எளிது. டிஸ்சார்ஜ் ஆகிப் போகிற நோயாளியை நாம் மறந்துவிடக் கூடாது. வாரம் ஒருமுறை போன் செய்து, மருந்து, சாப்பாடு, புண், காய்ச்சல் எல்லாம் விசாரித்து, கம்ப்யூட்டரில் அவர் பெயருக்கு நேரே பதிய வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் கட்டம் பச்சையாகும். ஏதாவது சரியில்லை என்றால் சிவப்பு. சிவப்பைப் பார்த்தால் டாக்டரிடம் சொல்லவோ, அவர்கள் ஊர் ஹெல்த் சென்டருக்குத் தகவல் கொடுக்கவோ வேண்டியது நம் பொறுப்பு. 'ஆஸ்பத்திரி கேட்டோடு நம்ம வேலை முடியறதில்லை' என்று மேடம் அடிக்கடி சொல்வார்.

அந்த நாட்களை நினைத்தால் எனக்கு இன்றும் ஆசையாக இருக்கிறது. இருபது வருடம் சிரிஞ்சு பிடித்த ஒரு சேச்சி, மவுஸை நாடி பார்ப்பதுபோல இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அம்பு திரையை விட்டு வெளியே போய்விட்டது என்று ஒருத்தி மேஜைக்கு அடியில் தேடினாள் என்று நாங்கள் கட்டிவிட்ட கதை, வார்டு வார்டாகப் பரவியது. நாலு மணிக்குக் கேன்டீனில் பழம்பொரி, அதாவது நேந்திரம்பழ பஜ்ஜி, போடுவார்கள். அந்த எண்ணெய் வாசனை மாடிக்கு ஏறி வரும்போது மேடமே புத்தகத்தை மூடிவிடுவார். அன்றைய பன்னிரண்டு பேரில் பாதிப் பேர் இப்போது வெளிநாட்டில். மற்றவர்களில் சிலரைப் பஸ்ஸில் பார்த்தால் முதலில் பேசுவது அந்தக் குளிரைப் பற்றித்தான்.

என் அப்பா திருநெல்வேலியிலிருந்து எல்லை தாண்டி, இந்த மலையாள ஊரின் சாலை பஜாரில் பாத்திரக் கடை வேலைக்கு வந்தவர். கிழக்கேகோட்டைக்குப் பின்னால் ஒரு சந்தில்தான் நான் பிறந்து வளர்ந்தேன். வீட்டில் தமிழ், வார்டில் மலையாளம், ரிப்போர்ட் புத்தகத்தில் ஆங்கிலம். ஆகவே பட்டியலில் இருந்த தமிழ் நோயாளிகள் எல்லாம் என் தலையில் வந்து விழுந்தார்கள். கட்டட வேலைக்காரர்கள், ஹோட்டல் தொழிலாளிகள், போனக்காடு தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு அம்மா.

அந்த அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். சர்க்கரை முற்றி, இடது காலில் பெருவிரலை எடுத்திருந்தோம். இனி தினமும் இன்சுலின் போட்டாக வேண்டும் என்று டாக்டர் சொன்னதும், ஊசி போடக் கற்றுக்கொடுத்தது நான்தான். கொழுந்து கிள்ளிப் பழகிய விரல்கள். ஒரே நாளில் பிடித்துக்கொண்டார். புறப்படும்போது மருந்துப் பாட்டிலைக் கையில் கொடுத்து, நல்ல குளிரில் வைக்க வேண்டும், சூடு பட்டால் கெட்டுவிடும் என்று இரண்டு தடவை சொன்னேன். "ஆமா சிஸ்டர்" என்றார்.

தோட்டத்தில் அவர்கள் குடியிருந்த லயத்தில், அந்த வரிசை வீடுகளில், போன் கிடையாது. கொஞ்சம் கீழே ஒரு கடையில் இருந்தது. அந்தக் காலத்தில் இப்படி அடுத்தவர் போன் நம்பரைக் கொடுப்பதற்கு பி.பி. நம்பர் என்று பெயர். கடைக்காரரைக் கூப்பிட்டுச் சொன்னால், அவர் யாரையாவது அனுப்பி அந்த அம்மாவை வரவழைப்பார். அரைமணி கழித்து நான் மறுபடி போன் செய்ய வேண்டும். கட்டுப் போட்ட காலோடு அவர் அந்த இறக்கத்தில் இறங்கி வந்து எனக்குப் பதில் சொல்லிவிட்டுப் போவார்.

நான்கு வாரம் பேசினேன். நான்கு வாரமும் பச்சை. என் பட்டியலே பச்சைப் பசேல் என்று இருந்தது. வகுப்பில் வேறு யாருக்கும் அப்படி இல்லை. எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்தான். வாயும் அதிகம், வேகமும் அதிகம். மற்றவர்கள் ஒரு போனை முடிப்பதற்குள் நான் மூன்றை முடித்துவிடுவேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மேடம் ஒரு டேப் ரெக்கார்டரோடு வந்தார். நாங்கள் வகுப்பிலிருந்து செய்யும் அழைப்புகளை, நோயாளியிடம் முதலிலேயே சொல்லிவிட்டு, பதிவு செய்து வைப்பது வழக்கம். யாருடையதை முதலில் கேட்கலாம் என்றார். நான் கையைத் தூக்கினேன். பாராட்டு வாங்கும் அவசரம்.

கேசட் ஓடியது. என் குரல், நடுநடுவே மலையாளம் கலந்து, எனக்கே அன்னியமாக, கணீரென்று கேட்டது.

"ஊசி ஒழுங்காத்தானே போடுறீங்க?"

"ஆமா சிஸ்டர். சிஸ்டர், ஒரு காரியம்..."

"மருந்து நல்ல குளிர்லதானே இருக்கு?"

"ஆமா, நல்ல குளிருதான். அதுலதான் ஒரு காரியம்..."

"அது போதும். சோறு குறைச்சாச்சு, அல்லே? காய்ச்சல் ஒண்ணும் இல்லையே?"

"இல்ல சிஸ்டர். ஒரு காரியம் கேக்கணும்னு..."

"புண்ணைத் தண்ணி படாம பார்த்துக்கோங்க, கேட்டோ. அடுத்த வியாழக்கிழமை கூப்பிடறேன்."

டொக்.

முதல் கேள்விக்கே வகுப்பு சிரித்தது. நான் கேள்வியும் கேட்டு, பதிலையும் அதற்குள்ளேயே வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். நானும் சிரித்தேன். மூன்றாவது 'ஒரு காரியம்' வந்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை.

மேடம் என்னைத் திட்டவில்லை. இது நம் எல்லோருக்கும் உள்ள வழக்கம் என்றார். வார்டில் நாற்பது பேருக்கு இரண்டு நர்ஸ் என்றால், 'சாப்பிட்டாச்சுல்ல, வலி இல்லையே' என்று கேட்டுக்கொண்டே ஓடத்தான் முடியும். அங்கே பேச்சு நம்மை ஏமாற்றினாலும் கண்ணால் பார்த்துவிடுகிறோம். போனில் கண் இல்லை. அதனால் கேள்வியைத் திறந்து வைத்துவிட்டு, மனதுக்குள் பத்து எண்ணுங்கள், எண்ணி முடிக்கும் வரை வாயைத் திறக்காதீர்கள் என்றார்.

அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் எழுந்து போன் இருந்த மேஜைக்குப் போய்விட்டேன். கடைக்காரரிடம் அவசரம் என்றேன். அரைமணி நேரம். பழம்பொரி வாசனை வந்தது, யாரும் கீழே போகவில்லை. அந்த அம்மா என்ன கேட்க நினைத்தார் என்று நூறு விதமாக யோசித்தேன். காசு வேண்டுமா, ஊசி தீர்ந்துவிட்டதா, வீட்டில் சண்டையா. உள்ளபடி சொன்னால், நான் சம்பந்தப்படாத ஏதாவதாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

மறுபடி கூப்பிட்டபோது அவர் மூச்சிரைக்கப் போனை எடுத்தார். "போன தடவை நீங்க என்னமோ கேக்க வந்தீங்களே அம்மா, என்ன அது?" என்றேன். பிறகு எண்ண ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு. அந்தப் பக்கம் சத்தமே இல்லை. ஐந்தில் என் நாக்கு துடித்தது. மேடம் என் தோளில் கை வைத்து அழுத்தினார். எட்டு எண்ணியிருப்பேன்.

"சிஸ்டர், லைன்ல இருக்கீங்களா? வச்சிட்டுப் போயிட்டீங்கன்னு நெனச்சேன்."

"இருக்கேன்."

"ஒண்ணுமில்ல சிஸ்டர். நீங்க சொன்ன மாதிரி மருந்தை நல்ல குளிர்லதான் வச்சிருக்கேன். இந்தக் கடை பிரிட்ஜுல, மேல ஐஸ் பிடிக்கிற இடம் இருக்குல்ல, அங்க. தெனமும் கல்லு மாதிரி கட்டிப் போகுது. உள்ளங்கையில வச்சு எளக்கித்தான் போடுறேன். அப்படிப் போடலாமா?"

உறைந்துபோன இன்சுலினுக்குச் சத்து கிடையாது. நாலு வாரத்துக்கு மேலாக அவர் தினமும் தவறாமல் போட்டுக்கொண்டிருந்தது வெறும் தண்ணீர்போலத்தான். அதிலும் போனக்காடு போன்ற குளிர்ந்த மலையில் பிரிட்ஜே தேவையில்லை. ஒரு மண்சட்டியில் ஈர மணல் போட்டு உள்ளே வைத்திருந்தால் போதும். 'நல்ல குளிரில்' என்று சொன்ன நான், எவ்வளவு குளிர் என்று சொல்லவில்லை. புண் எப்படி இருக்கிறது என்று இப்போது கேட்டேன், கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். பக்கத்து விரல் கறுத்து வருகிறது, ஆனால் வலி இல்லை என்றார். வலி இல்லாததுதான் பயம். அந்தப் பாட்டிலைத் தொட வேண்டாம், நாளைக்கு முதல் பஸ்ஸில் கிளம்பி வாருங்கள் என்றேன். கம்ப்யூட்டரில் என் கையாலேயே அவர் பெயருக்கு நேரே சிவப்பு போட்டேன். அழுகை வந்தது. அத்தனை பேர் முன்னால் அழுதேன்.

மறுநாள் விதுரை, நெடுமங்காடு வழியாக மூன்று பஸ் மாறி மகனோடு வந்து சேர்ந்தார். அன்றே அந்த விரலையும் எடுத்தார்கள். இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் பாதத்தையே எடுக்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். பாதம் தப்பியது.

இரண்டாம் நாள் காலை ரவுண்ட்ஸில் டாக்டர் அவர் கட்டிலருகே நின்று, மலையாளத்தில் நன்றாகத் திட்டினார். வாரா வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வருகிறது, ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா, சொன்னால்தானே தெரியும். மகனும் சேர்ந்துகொண்டான். கூலி வேலையை விட்டுவிட்டு வந்தவன், அவன் கோபம் அவனுக்கு. வாயில் என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தே என்று கேட்டான். அந்த அம்மா போர்வையின் நுனியைச் சுருட்டிக்கொண்டே இருந்தார்.

"என் தப்புத்தான் சார். எனக்கு ஒழுங்காக் கேக்கத் தெரியல," என்றார்.

நான் கட்டிலின் கால்மாட்டில் சார்ட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். டேப் விஷயம் வகுப்பைத் தாண்டி யாருக்கும் தெரியாது. டாக்டர் அடுத்த கட்டிலுக்குத் திரும்பிவிட்டார். பேசாமல் இருந்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். அந்த ஒரு நிமிடம் பேசாமல் இருக்கத்தான் எனக்கு ஆசையாகவும் இருந்தது, அதை மறைப்பதற்கில்லை.

"டாக்டர்," என்று கூப்பிட்டேன். முதலில் மலையாளத்தில் அவரிடம் சொன்னேன். பிறகு அந்த அம்மாவிடம் தமிழில்.

"நீங்க கேட்டீங்க அம்மா. மூணு வாட்டி கேட்டீங்க. நான்தான் பேச விடல. டேப்புல எல்லாம் இருக்கு."

டாக்டர் திரும்பி வந்து என் கையிலிருந்த சார்ட்டை வாங்கிக்கொண்டார். என் மேல் என்ன நடவடிக்கை வரும் என்று யோசிக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. அந்த அம்மா கோபப்படுவார், அல்லது பரவாயில்லை சிஸ்டர் என்பார் என்று காத்திருந்தேன். இரண்டும் இல்லை. அவர் போர்வையை விட்டுவிட்டு, முதுகை நிமிர்த்தி, மகனைப் பார்த்தார்.

"கேட்டேன்ல? நான் கேட்டிருக்கேன்டா," என்றார்.

என் பக்கம் அவர் திரும்பவே இல்லை.