மேல் வீட்டு ரிமோட்

இந்த சீசனில் புதிதாக வந்த டீவி நிகழ்ச்சிகளில் எது பிடிக்கும் என்று, நான் வேலை பார்க்கும் கண்டி ஹார்ட்வெயார் கடையில் கேட்டார்கள். தயங்காமல் சொன்னேன். மாமியாரும் மருமகளும் ஒரே ஆபீசில் வேலை பார்க்கும் நாடகம், கணவன்மார் சமைக்கும் போட்டி, பிறகு அந்தப் புதிய பாட்டுப் போட்டி. "நல்ல ரசனைங்க ஒங்களுக்கு" என்றார் காசாளர்.

ரசனை என்னுடையதல்ல. கம்பளையில் நான் வாடகைக்கு இருப்பது சரிவில் கட்டிய வீட்டின் கீழ்ப்பகுதி. டிஷ் பெட்டி மேலே வீட்டுக்கார அக்காவிடம் இருக்கிறது. அதிலிருந்து ஒரு வயர் என் ஜன்னல் வழியாக இறங்கி வருகிறது. மேலே எது ஓடுகிறதோ, கீழேயும் அதுதான். என் டீவியில் சத்தத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். அவ்வளவுதான் என் சுதந்திரம். திரையில் நாடகமும் கிரிக்கெட்டும் மாறி மாறி வந்தால், மேலே அக்காவும் அவர் வீட்டுக்காரரும் ரிமோட்டுக்குச் சண்டை போடுகிறார்கள் என்று அர்த்தம். நான் எப்போதும் அக்கா பக்கம்.

பாட்டுப் போட்டியில் பள்ளிக்கூடச் சமையல்காரப் பெண் ஒருத்தி பாடினாள். தரையைப் பார்த்தபடியே பாடுவாள். "தலையை நிமிர்த்தும்மா" என்று நடுவர்கள் ஒவ்வொரு வாரமும் சொல்வார்கள். நானும் கடையில் தரையைப் பார்த்தே ஆணி நிறுப்பவன். இறுதிப் போட்டியிலாவது அவள் நிமிர்வாளா என்று பார்க்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

இறுதிப் போட்டி நடக்கும் அந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்து மேல் வீட்டார் பிலிமத்தலாவையில் ஒரு கல்யாணத்துக்குப் போகிறார்கள் என்று தெரிந்தது. வெளியே கிளம்பினால் இடிக்குப் பயந்து பெட்டியின் பிளக்கைக் கழற்றிவிடுவார்கள். அதைக் கழற்றாமல் போகச் சொல்ல, அதற்கு முதல் நாள் படியேறினேன்.

"வாங்க தம்பி, என்னா விஷயம்?"

"தண்ணி வருதான்னு கேக்க வந்தேன்."

"வருதே. ஒங்களுக்கு வரலியா?"

"வருது" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

மறுநாள் கிளம்பும்போது அக்காவே வந்து சாவியைக் கொடுத்தார். "சாயந்தரம் வாசல் லைட்ட மட்டும் போட்டுருங்க தம்பி."

லைட்டைப் போட்டேன். பிறகு திருடனைப் போல உள்ளே போய் பெட்டியின் பிளக்கையும் போட்டேன். வாழ்க்கையில் முதன்முறையாக அந்த ரிமோட் என் கையில். சேனல் நம்பர்தான் தெரியவில்லை. கிரிக்கெட் வந்தது, மீன்பிடி வந்தது, புரியாத பாஷையில் ஒருவர் அழுதார். ஒருவழியாகப் பாட்டு வந்தது. அங்கேயே கதிரையில் உட்கார்ந்து பார்த்திருக்கலாம். யாரும் உட்காரச் சொல்லவில்லையே. ஓடி இறங்கி என் டீவிக்கு முன்னால் வந்து உட்கார்ந்தேன்.

கடைசியாக வந்த அவள் பாடி முடித்ததும் போன் அடித்தது. அக்கா.

"தம்பி, அந்தப் புள்ள பாடிருச்சா?"

"எந்தப் புள்ள அக்கா?"

"சும்மா நடிக்காதீங்க. நீங்க கை தட்டுறது ஒவ்வொரு வாரமும் மேல கேக்குது. பெட்டியப் போட்டுட்டு வரலாம்னேன், இவரு கழட்டிட்டாரு. அதான் சாவியக் குடுத்தேன். தலைய நிமித்துச்சா?"

"நிமித்துச்சு அக்கா. ஆனா கண்ண மூடிக்கிருச்சு."

அந்தப் பக்கம் பல பேர் சிரித்தார்கள். போனை ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார்.

"என்னா பாட்டு? ரெண்டு வரி பாடுங்க. கல்யாண வீடே கேட்டுக்கிட்டு இருக்கு."

போனை வெட்டிவிட்டால் அக்கா கோபித்துக்கொள்வார். என் வீட்டில் என்னைத் தவிர யாரும் இல்லை. இருந்தும் எழுந்து நின்று, தரையைப் பார்த்துக்கொண்டு பாடினேன். இரண்டாவது வரியில் தாளம் போய்விட்டது. "இவரையும் போட்டிக்கு அனுப்பலாம்" என்றது ஓர் ஆம்பிளைக் குரல்.

"சரி, யாரு ஜெயிச்சது?" என்றார் அக்கா.

தலையை நிமிர்த்தினேன். போட்டி முடிந்து, திரையில் சோப்பு விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.