மூன்று தலை நாய்க்கு எள்ளுருண்டை

அப்பாவை எரித்தது ஒரு பட்டன். சுவரில், லைட் சுவிட்சுக்குப் பக்கத்தில், பச்சையாக இருந்தது. அதை அமத்துவதற்கு ஓர் ஆம்பிளை வேண்டும் என்று சிட்னியிலிருந்து பெரியப்பாவின் மகனைப் பிளேனில் ஏற்றி மெல்பேர்ணுக்குக் கொண்டுவந்தார்கள்.

நான் அப்பாவுக்கு ஒரே பிள்ளை. ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை. அந்த வேலையை அரை நாளோடு விட்டுவிட்டு ஓடிவந்து அவரை டயாலிசிஸுக்குக் கூட்டிக்கொண்டு போனது நான். அவருக்கு நகம் வெட்டியது நான். கடைசியாக அவர் வாயில் தண்ணீர் விட்டதும் நான்தான். பெரியப்பாவின் மகன் எனக்கு முறைக்கு அண்ணா. அப்பாவைக் கலியாண வீடுகளில் கண்டு கை கொடுத்திருப்பார், அவ்வளவுதான். சும்மா சொல்லக்கூடாது, நல்ல மனிதர். ஐடியில் பெரிய வேலை. அன்றைக்கு முழுக்க அவர் முகத்தில் துக்கத்தைவிடக் கூச்சம்தான் அதிகமாக இருந்தது.

எரிக்கும் இடத்தில் பின்னறைக்குள் ஒரு சிலரைத்தான் விடுவார்கள். ஆண்கள் போனார்கள். நானும் பின்னால் போனேன். பெரியப்பா கதவில் கையைக் குறுக்கே வைத்தார்.

"பிள்ளை, நீ இங்கை நில். பொம்பிளையள் உள்ளுக்கு வாறேல்லை."

"பெரியப்பா, உள்ளுக்கு விறகே அடுக்கி வைச்சிருக்கு? வெறும் பட்டன்தானே."

"என்னவாயிருந்தாலும் கொள்ளி கொள்ளிதான்."

அவருடைய கைக்குக் கீழால் எட்டிப் பார்த்தேன். எந்தப் பட்டனை அமத்த வேண்டும் என்று அண்ணாவுக்குக் காட்டிக்கொண்டு நின்றவர் ஒரு வெள்ளைக்காரப் பெண். யூனிஃபோர்ம் போட்டு, தலைமயிரைத் தூக்கிக் கட்டியிருந்தார். பொம்பிளையள் உள்ளுக்கு வாறேல்லையாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மா என் கையைப் பிடித்து இழுத்து, "சனம் பாக்குது, பேசாமல் நில்" என்றார். நின்றேன். இன்றைக்கும் அந்தக் கையைத் தட்டிவிட்டு உள்ளே போயிருக்க வேண்டும் என்றுதான் நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு நான் கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். என்னோடு வேலை செய்யும் ஒருத்தி, வெள்ளைக்காரி, தேநீர் நேரத்தில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எங்கள் கூட்டத்துக்கு ஒருமுறை வந்து பார்" என்றாள். பேகன்கள். பழைய கிரேக்கத் தெய்வங்களைத் திரும்பவும் கும்பிடத் தொடங்கியிருக்கும் ஆட்கள். அமாவாசைக்கு அமாவாசை ஒரு சமூக மண்டபத்தில், ஹீற்றரைச் சுற்றிக் கதிரை போட்டுக் கூடுவார்கள். அமாவாசை என்றதும் எனக்குச் சிரிப்பு வந்தது. நாள் பார்ப்பதில் எங்கள் ஆட்களுக்குக் குறைந்தவர்கள் இல்லை.

மேசையில் ஒரு கறுத்த சிலை. ஒரு உடம்பு, மூன்று தலை, நாய். கூட்டத்தை நடத்துகிறவர் ஓய்வுபெற்ற ஆசிரியை, நரைத்த பின்னல். அவர்தான் சொன்னார்: இது செர்பரஸ். செத்தவர்களின் உலகத்து வாசலில் காவல் நிற்பது. யார் வந்தாலும் உள்ளே விடும், ஒருவரையும் வெளியே விடாது.

வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். என் அப்பா படகில் வந்து சிட்னி வில்லாவுட் முகாமில் அடைபட்டுக் கிடந்த ஆள். விசா கிடைத்து என்னையும் அம்மாவையும் வவுனியாவிலிருந்து கூப்பிட்டபோது எனக்குப் பத்தாம் வகுப்பு வயது. அந்தத் தடுப்பு முகாமின் படலையைப் பற்றி அவர் சொல்வதும் இதேதான்: "உள்ளுக்குப் போக ஒருத்தரும் மறிக்கேல்லை, பிள்ளை. வெளியிலை வரத்தான் வாசல் இல்லை." ஒருமுறை தப்பி வெளியே வந்த மனிதர், இப்போது இன்னொரு படலைக்குள் போய்விட்டார்.

அந்த மூன்று தலைக்கும் என்ன பொருள் என்று ஆளுக்கொரு விளக்கம் சொன்னார்கள். இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் என்றார் ஒருவர். பிறப்பு, இளமை, முதுமை என்றார் இன்னொருவர். புருஷனை விட்டு வந்த ஒருத்தி கழுத்துச் சங்கிலியில் அந்த நாயைத் தொங்கவிட்டிருந்தாள். தன் வாசலுக்குள் யார் வரலாம், யார் வரக்கூடாது என்று இனித் தானே தீர்மானிப்பதற்கு அடையாளமாம். துக்கம்தான் அந்த நாய், சாப்பாடு வைக்காவிட்டால் கடிக்கும் என்று ஆசிரியை சொன்னார். அது கொஞ்சம் சரி மாதிரிப் பட்டது. மற்றதெல்லாம் என்னில் ஒட்டவில்லை. எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று. வருகிறது ஆம்பிளையா பொம்பிளையா என்று அந்த நாய் கேட்பதில்லை. எங்கள் பெரியப்பாவைவிட அது எவ்வளவோ மேல்.

ஆனால் அங்கேயும் என்னை நிம்மதியாக விடவில்லை. ஒருநாள் கூட்டம் முடிந்து கோப்பை கழுவும்போது ஆசிரியை பக்கத்தில் வந்து, "உன்னிடம்தான் காளி இருக்கிறாளே, உனக்கு எதற்கு எங்களுடைய நாய்? அடுத்த முறை எங்களுக்குக் காளியைப் பற்றிச் சொல்லித் தாயேன். சேலை கட்டி வந்தால் இன்னும் நல்லது" என்றார் ஆங்கிலத்தில். மிக அன்பாகத்தான் சொன்னார். அட கோதாரி! அப்பனைப் பறிகொடுத்துவிட்டு வந்து நிற்கிறேன், இவர்களுக்குச் சேலையும் நாக்கும் வேண்டுமாம். பல்லைக் காட்டிவிட்டு வந்தேன். அதோடு கூட்டத்துக்குப் போவதைக் குறைத்துக்கொண்டேன்.

நாயை மட்டும் விடவில்லை. அதே மாதிரி ஒரு சின்னச் சிலையை வரவழைத்து, என் அறையில் அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். தூசி தட்ட வந்த அம்மா, "இதென்ன விளையாட்டுச் சாமான்?" என்று கேட்டுவிட்டுத் திருப்பி வைத்தார். எங்கள் கோயிலில் வைரவருக்கும் நாய்தான் வாகனம். வைரவருக்கு வடைமாலை சாத்துவோம். அந்த நாயை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அது ஏன் அங்கே நிற்கிறது என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததும் இல்லை.

மூன்று தலை நாய்க்குத் தேன் பணியாரம் கொடுத்தால் உறுமாமல் வழிவிடும் என்பது கிரேக்கக் கதை. கூட்டத்தில் தேன் கேக் செய்வார்கள். நான் எள்ளுருண்டை பிடித்தேன், சர்க்கரைக்குப் பதிலாகத் தேன் விட்டு. செத்தவர்களுக்கு எள்ளுத்தான் என்பது எங்களுக்குத் தெரியாததா? தலைக்கு ஒன்றாக மூன்று உருண்டை. ஒன்றுக்கு அப்பாவின் பெயர், ஒன்றுக்கு அப்பப்பாவின் பெயர், ஒன்றுக்குப் பூட்டனின் பெயர். பூட்டனின் பெயரை அப்பா எனக்குச் சொன்னது டயாலிசிஸ் கதிரையில் சாய்ந்திருந்தபடி. "எனக்குப் பிறகு இது ஒருத்தருக்கும் தெரியாமல் போயிடும், நீ ஞாபகம் வைச்சுக்கொள்" என்றார். பெரியப்பாவின் மகனைக் கூப்பிட்டு அவர் அதைச் சொல்லவில்லை.

தெருக்கள் கூடும் இடத்தில் படைப்பதுதான் அவர்கள் முறை. அந்தத் தெருக்களுக்கு ஒரு தேவி உண்டு, அவளுக்கு முட்டையும் உள்ளியும். நாங்கள் இருப்பது மெல்பேர்ண் ஓரத்தில், டார்னெய்ட்டில். புது வீடுகள், புதுத் தெருக்கள், எங்கே திரும்பினாலும் முச்சந்தி. அமாவாசையன்று பொழுதுபடும் நேரம் எங்கள் தெரு முனைக்குப் போய், புல் ஓரத்தில் மரத்தடியில் ஒரு இலையில் எல்லாவற்றையும் வைத்து, மூன்று பெயரையும் சொல்லிவிட்டு வருவேன். விடிந்து பார்த்தால் மக்பை குருவிகள் துப்புரவாக்கியிருக்கும். அந்த நேரம் மட்டும்தான் நான் அப்பாவின் பிள்ளையாக இருந்தேன்.

ஆட்டைத் திவசம் நெருங்கியது. வருஷம் முடிகிறபோது செய்வது. இதையாவது நானே செய்ய வேண்டும் என்று அம்மாவின் காலைச் சுற்றினேன். ஐயரிடம் நானே போய்க் கேட்டேன். "மகன் இல்லாட்டி மகள் செய்யலாம், அம்மா. வீட்டிலை சம்மதிச்சால் எனக்கொரு மறுப்பும் இல்லை" என்று அவர் சொல்லிவிட்டார். அதை வந்து சொன்னதும் அம்மா அப்பாவின் படத்தைத் துடைத்து வைத்தார். பிறகு, "சரி, உன்ரை அப்பாவுக்கும் நீ எண்டால் உயிர்தானே. பாப்பம்" என்றார். எங்கள் அம்மாவின் அகராதியில் அது முக்கால் சம்மதம். அன்றைக்குக் காருக்குள் இருந்து அழுதேன்.

திவசத்துக்கு முந்தின அமாவாசை. நான் படைத்துவிட்டு வந்து முகம் கழுவிக்கொண்டிருக்கும்போது கதவு தட்டுப்பட்டது. எதிர்வீட்டுத் தமிழ்நாட்டுப் பெண். கையில் ஃபோன், ஃபோனில் என்னுடைய இலையின் படம்.

"ஆன்ட்டி, மூணு ரோடு சேர்ற எடத்துல யாரோ முட்டை, பூண்டு எல்லாம் வெச்சிருக்காங்க. எனக்குப் பயமா இருக்கு. வாக்கிங் போறப்ப மிதிச்சிடாதீங்க. குரூப்லயும் போட்டுட்டேன்."

அம்மா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். அவருக்கு முட்டையோ உள்ளியோ பெரிதாகப் படவில்லை. எள்ளில்தான் கண் நின்றது.

"செத்த வீட்டு எள்ளு" என்றார் மெதுவாக. "இந்தத் தெருவிலை செத்த வீடு எங்கட வீடுதான். இது எங்களுக்கெண்டு செய்த செய்வினை. அவரைக் கொண்டுபோனது காணாதெண்டு இப்ப பிள்ளைக்கும் செய்யிறாங்கள்."

பிறகு வீடு ரெண்டுபட்டது. வாசலில் தேசிக்காய் வெட்டி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, குசினியில் செத்தல் மிளகாயும் உப்பும் சட்டியில் போட்டு, என் தலையைச் சுற்றி எரித்தார். ஸ்மோக் அலாரம் கத்தத் தொடங்கியது. நான் கதிரையில் ஏறி நின்று துவாயால் விசுக்குகிறேன், இருமுகிறேன், கண் எரிகிறது, கீழே அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு எனக்காகத் தேவாரம் சொல்கிறார். அந்தப் பயத்தைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"அம்மா, பயப்பிடாதேங்கோ. அது செய்வினை இல்லை. நான் வைச்சனான்."

"நீயோ? உனக்கென்ன விசரே?"

"அப்பாவுக்குத்தான் வைச்சனான்."

எல்லாவற்றையும் சொன்னேன். வாசலையும், நாயையும், மூன்று தலையையும், மூன்று பெயரையும். அம்மாவின் காதில் ஏறியது ஒரே சொல்.

"நாய்க்கோ? அவரை நாயிட்டைக் குடுத்தனியோ?"

"வாசலிலை நிக்கிறது அதுதானே அம்மா. அதுதான் உள்ளுக்கு விடுறது."

"அவர் சிவபதம் அடைஞ்ச மனுசன். அவருக்கு ஏன் நாய்?"

"சிவன்ரை கோயிலிலை வைரவர் ஆரோடை நிக்கிறார்? நாயோடைதானே?"

நான் அப்படிக் கேட்டதுதான் வினையாகிவிட்டது. அம்மா சட்டியை அப்படியே சிங்கில் போட்டுவிட்டு, எனக்கு முன்னாலேயே சிட்னிக்கு, பெரியப்பாவுக்கு ஃபோன் எடுத்தார்.

"அத்தான், திவசத்துக்கு உங்கட மகனை அனுப்புங்கோ. இவள் என்னவோ பேய் வேலையெல்லாம் செய்யிறாள். இவளின்ரை கையாலை வேண்டாம்."

இவளின்ரை கையாலை வேண்டாம். அப்பாவின் மலம் கழுவிய கை. ஊசி மருந்தும் மாத்திரையும் அளந்து கொடுத்த கை. அம்மாவை நான் வெறுத்தது அன்றைக்குத்தான். கூட்டத்து ஆட்கள் சொல்கிற எல்லை, காவல், வாசல் எல்லாம் அன்றைக்கு விளங்கியது. எங்கள் வீட்டிலும் ஒரு வாசல் இருக்கிறது. அதைக் காப்பதற்கு வெளியிலிருந்து நாய் கொண்டுவரத் தேவையில்லை.

திவசத்துக்கு அண்ணா தனியாகத்தான் வந்தார். பெரியப்பாவுக்கு முழங்காலில் ஒப்பரேஷன். அண்ணா ஹோலில் வேட்டியை பெல்ட்டால் இறுக்கிக்கொண்டு, விரலில் தர்ப்பை மோதிரத்தோடு இருந்தார். நான் சுவரோரம், மற்றப் பெண்களோடு. ஐயர் எத்தனையோ வீடு பார்க்கிறவர். எள்ளையும் தண்ணீரையும் எடுத்து வைத்துவிட்டு, செத்தவர், அவருடைய தகப்பன், பாட்டன் என்று மூன்று தலைமுறைப் பெயரைக் கேட்டார்.

அண்ணா அப்பாவின் வீட்டுப் பெயரைச் சொன்னார், எல்லோரும் செல்லமாகக் கூப்பிடுவதை.

"அதில்லைத் தம்பி, வைச்ச பேர்."

அண்ணா அம்மாவைப் பார்த்தார். அம்மா தன் வாழ்நாளில் புருஷனின் பெயரை வாயால் சொன்னவர் இல்லை. எல்லாப் பத்திரத்திலும் என்னைக் கொண்டுதான் எழுதுவிப்பார். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தார். அண்ணா ஃபோனை எடுத்துப் பெரியப்பாவுக்கு அடித்தார். அடித்து அடித்து ஓய்ந்தது. ஐயரின் கையில் செம்பு அப்படியே நின்றது.

நான் சொன்னேன். அப்பாவின் பெயர். அப்பப்பாவின் பெயர். பூட்டனின் பெயர். ஒவ்வொரு அமாவாசையும் சொல்லிச் சொல்லி நாக்கில் ஊறிய பெயர்கள், தடக்காமல் வந்தன. ஐயர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"பிள்ளைக்கு எல்லாம் தெரியுது. பக்கத்திலை வந்து இருக்கட்டுமன், அம்மா."

நான் எழும்பினேன். ஒரு அடி வைத்தும்விட்டேன்.

"பிள்ளை" என்றார் அம்மா, என் முகத்தைப் பார்க்காமல். "அடுப்பிலை பால் பொங்கப்போகுது. ஓடிப்போய்ப் பார்."

ஓடினேன். நான் அப்படி வளர்ந்தவள், பால் பொங்குது என்றால் கால் தானாக ஓடும். ஹோலில் அண்ணா பூட்டனின் பெயரைத் தடக்கித் தடக்கிச் சொல்வது குசினிக்குள் கேட்டது. அடுப்பில் கையை வைத்துப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. பால் பிரிட்ஜுக்குள், மூடி திறக்காமல் இருந்தது.