முன்னால் இருப்பவர் சொல்ல வேண்டும்

ஆஸ்பத்திரியில் அவருக்கு எறும்பு சார் என்று பெயர். ரத்தம் எடுக்கும் அறையில் வேலை. ஊசியின் மூடியைக் கழற்றும்போதே, "ஒண்ணும் இல்ல, எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கும்" என்பார். ஊசி தோலைத் தொடுவதற்கு முன்பே, "அவ்வளவுதான், முடிஞ்சிடுச்சு" என்பார். எங்கே முடிந்தது? அப்போதுதான் ஆரம்பமே. ஆனாலும் எதிரே இருப்பவர் நம்பிவிடுவார். அப்படி ஒரு குரல் மனிதருக்கு. பொய் சொல்லிவிட்டீர்களே என்று இதுவரை யாரும் சண்டைக்கு வந்ததில்லை. பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு வெளியே போகத்தான் எல்லாருக்கும் அவசரம்.

உண்மையைச் சொன்னால் அந்த அறையில் அதிகம் பயப்படுகிறவர் அவர்தான். நாற்காலியில் இருப்பவரின் முகம் வெளுத்தால் இவருக்கு உள்ளங்கை வியர்க்கும். அந்த இரண்டு வார்த்தையையும் அவர் தனக்காகவே சொல்லிக்கொள்கிறார் என்பது அவர் மனைவிக்கு மட்டும் தெரியும். தெருமுனை வரை போய்விட்டு, கேஸை அணைத்தோமா என்று திரும்பி வந்து பார்க்கிற ஆள். அப்படிப்பட்டவர் மலையேறும் சைக்கிள் பந்தயத்தில் கலந்துகொள்ளப் போகிறார் என்றால் லேபில் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? ஆம்புலன்ஸை இப்பவே சொல்லி வைக்கட்டுமா சார் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள்.

பெயர் கொடுத்தது அவர் இல்லை, அவருடைய மைத்துனன். மனைவியின் ஒரே தம்பி. கூரியர் கம்பெனியில் பார்சல் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவன். கண்ணில் நீர் அழுத்தம் வந்து, ஆபரேஷன் மேல் ஆபரேஷனாகச் செய்தும் பார்வை போய்விட்டது. கடைசி ஆபரேஷன் முடிந்ததும் கண் டாக்டர் எறும்பு சாரை வராந்தாவில் ஓரமாகக் கூப்பிட்டார். நரம்பு செத்துவிட்டது, இனி பார்வை திரும்பாது, நம்ம ஆஸ்பத்திரிக்காரர் நீங்கள், பக்குவமாகச் சொல்லிவிடுங்கள் என்றார்.

அவர் சொல்லத்தான் போனார். கட்டில் பக்கத்தில் போய் நின்றார். கட்டுப் போட்ட முகத்தை இவர் பக்கம் திருப்பி, டாக்டர் என்ன சொன்னார் மாமா என்று அவன் கேட்டான். அவ்வளவுதான். வாய் பழக்கதோஷத்தில் தன் வேலையைப் பார்த்துவிட்டது.

"ஒண்ணும் இல்ல மாப்ள. கொஞ்ச நாள்ல சரியாயிடும்."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் நடந்ததைச் சொன்னார். அவள் அழுது தீர்த்துவிட்டு, இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும், தாங்க மாட்டான், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்றாள். அந்த அப்புறம் மூன்று வருஷமாக வரவே இல்லை. அவர்கள் வீட்டுப் பின்னறையில் அவன் காத்துக்கொண்டிருந்தான். வேலை பற்றிப் பேசினால் பார்வை வரட்டும் என்பான். கல்யாணப் பேச்சை எடுத்தால் பெண் முகத்தைப் பார்க்க வேண்டாமா என்று சிரிப்பான். அவன் சிரித்ததும் இவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார்.

அப்படியிருக்கையில் ஒரு நாள் ரேடியோவில் கேட்டானாம். இரண்டு பேர் மிதிக்கும் சைக்கிளில் முன்னால் பார்வையுள்ளவர், பின்னால் பார்வையில்லாதவர். அப்படி மலையேறும் பந்தயத்தில் யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம். எறும்பு சார் வேலைக்குத் தினமும் சைக்கிளில் போகிறவர். அந்த ஒரு தகுதி போதும் என்று அவனே முடிவு செய்துவிட்டான்.

"எனக்குப் பார்வை வர்றதுக்குள்ள இதைப் பண்ணிப் பார்த்துடணும் மாமா. வந்துட்டா அப்புறம் பின்னாடி உக்கார விட மாட்டாங்க."

இதற்கு எந்த மனிதன் முடியாது என்று சொல்வான்? தலையாட்டிவிட்டு, குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார்.

பந்தயம் நடத்தும் சங்கத்துக்காரர்கள் சைக்கிளைக் கொடுத்துப் பழக்கினார்கள். ஹேண்டில், பிரேக், கியர் மூன்றும் முன்னால் இருப்பவர் கையில். பின்னால் இருப்பவருக்குக் கால் மட்டும்தான். இரண்டு பெடலும் ஒரே சங்கிலியில் ஓடுவதால் ஒருவர் நிறுத்தினால் மற்றவராலும் மிதிக்க முடியாது. ஆகவே முன்னால் இருப்பவர் வாயை மூடவே கூடாது என்றார் பயிற்சியாளர். பள்ளம், மேடு, திருப்பம், கியர் என்று கண்ணில் படுவதையெல்லாம் சொல்லிக்கொண்டே வர வேண்டும். சொல்கிற வேலைதானே, அதில் நான் கில்லாடி என்று எறும்பு சார் நினைத்துக்கொண்டார். பாவம்.

பந்தயத்தன்று காலையில் மனைவி அவர் ஹெல்மெட் வாரை இழுத்து மாட்டிக்கொண்டே, அவன் ஏதாவது கேட்டால் வாயைத் திறந்துவிடாதீர்கள், அந்த நம்பிக்கையில்தான் உயிரோடு இருக்கிறான் என்று காதோடு சொன்னாள். மலைக்கு அந்தப் பக்கம் பந்தயம் முடிகிற பள்ளிக்கூடத்தில் காத்திருப்பதாகச் சொல்லிப் பஸ் ஏறிப் போனாள். மலை ஒரு பயம், மைத்துனன் கேட்கப் போகும் கேள்வி இன்னொரு பயம். இரண்டையும் சுமந்துகொண்டு மனிதர் பெடலில் கால் வைத்தார்.

முதலில் வந்தது சின்னக் குன்றுதான். ஏறினார்கள், இறங்கினார்கள். இறக்கத்தில் திருப்பம் வந்தால் முன்னவர் சாயும் பக்கமே பின்னவரும் சாய வேண்டும். பின்னவர் விறைத்துக்கொண்டால் சைக்கிள் திரும்பாமல் நேரே ஓடும். இவர் வலது என்றால் அவன் வலது பக்கம் சாய்ந்தான், இடது என்றால் இடது பக்கம். தண்ணீர் கொடுக்கிற இடத்தில் அவன் சிரித்துக்கொண்டே ஆளுக்கொரு வாழைப்பழம் கேட்டு வாங்கினான். எறும்பு சார் தன்னுடையதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

பிறகு பெரிய மலை. அதை அண்ணாந்து பார்த்ததும் அவர் முகத்தில் ஈயாடவில்லை. ரோடு மலை வயிற்றில் மடிந்து மடிந்து மேலே போனது. மேல் மடிப்பில் போகிறவர்களில் பாதிப் பேர் இறங்கி சைக்கிளைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். இதை அப்படியே சொல்லியிருக்க வேண்டும். பயிற்சியாளர் சொன்னதும் அதுதான். ஆனால் பின்னால் அவன் மூச்சு வாங்குவது கேட்டதும் அவர் ரத்தம் எடுக்கும் அறைக்குப் போய்விட்டார்.

"இதோ, இந்த ஒரு திருப்பம்தான் மாப்ள. அப்புறம் சமதரை."

அவன் நம்பினான். எழுந்து நின்று, இருந்த பலத்தையெல்லாம் கொட்டி மிதித்தான். திருப்பம் வந்தது, அதற்கப்புறம் இன்னும் செங்குத்தாக ஒரு ஏற்றம். இவர் மறுபடியும், அவ்வளவுதான், முடியப் போகுது என்றார். அவன் மறுபடியும் எழுந்து மிதித்தான். இப்படியே மூன்று, நான்கு தடவை. ஒவ்வொரு தடவையும் அவன் கால் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்தது. அது சங்கிலி வழியாக இவர் காலுக்குத் தெரிந்தது. தெரிந்தும் நிறுத்தவில்லை அந்த மனிதர். நிறுத்தினால் உண்மையைச் சொல்ல வேண்டுமே.

கடைசியில் பெடல் அசையாமல் நின்றது. சைக்கிள் ஆடியது. விழுவதற்குள் எப்படியோ காலை ஊன்றிவிட்டார்.

அவன் இறங்கிப் பாதுகாப்புச் சுவரைத் தடவிக் கண்டுபிடித்து, அதன் மேல் உட்கார்ந்தான். தொடை வெடவெடவென்று ஆடியது. ஆபரேஷனிலும் எல்லாரும் இப்படித்தான் சொன்னார்கள் என்றான். இதோட சரி, இதோட சரி என்று ஒவ்வொன்றுக்கும். எந்த ஏற்றத்துக்கு எவ்வளவு பலம் வைக்க வேண்டும் என்று தெரியாமல் எல்லாவற்றையும் முதலிலேயே செலவழித்துவிட்டேன், மிதிக்க முடியாதவர்களை ஏற்ற வரும் வேனில் என்னை ஏற்றிவிடுங்கள் என்றான். குரலில் கோபம்கூட இல்லை. எறும்பு சார் சைக்கிளைச் சுவரோரம் சாய்த்தார். வேனில் ஏறினால் இவன் நேரே அந்தப் பின்னறைக்குப் போய்விடுவான், இனி வெளியே வர மாட்டான்.

அவருக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. பயத்தில் உண்மை வந்துவிட்டது.

"இன்னும் எவ்வளவு இருக்குன்னு எனக்கே தெரியல மாப்ள. உச்சி எங்க இருக்குன்னு தெரியல. மேல போறவங்க எல்லாம் தள்ளிக்கிட்டுப் போறாங்க. எனக்கு ஏறவும் பயமா இருக்கு, இறங்க அதைவிடப் பயமா இருக்கு."

அப்படியென்றால் நாமும் தள்ளலாமே என்றான். அதிலென்ன வெட்கம் என்பது போல இருந்தது அவன் சொன்ன விதம். தள்ளினார்கள். கொஞ்சம் சமமாக வந்த இடத்தில் ஏறி மிதித்தார்கள். இப்போது எறும்பு சார் இருப்பதை இருப்பது போலவே சொன்னார். இது நீளம், இதைவிட அடுத்தது மோசம், இங்கே மூச்சு வாங்கிக்கொள். அவன் காலை அளந்து போட்டான். உச்சிக்கு வந்து சேர்ந்தபோது அங்கே காற்றும், இவர்களுக்காகக் காத்திருந்த ஒரு தொண்டரும் மட்டும்தான். அவர் தண்ணீர் கொடுத்துவிட்டுத் தள்ளிப் போனார்.

அப்போதுதான் அவன் கேட்டான். இவ்வளவு நாள் கேட்காதவன், மாமா இன்றைக்கு உண்மை பேசுகிறார் என்று தெரிந்ததும் கேட்டுவிட்டான்.

"என் கண்ணு திரும்ப வருமா மாமா?"

எறும்பு சார் வாயைத் திறந்தார். ஒண்ணும் இல்ல மாப்ள என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. மனைவி சொன்னதும் காதில் இருந்தது. அவன் முகத்தைப் பார்த்தார். அது காத்துக்கொண்டிருந்தது.

"வராது" என்றார்.

எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டான். கடைசி ஆபரேஷன் அன்றைக்கே, உன் அக்காவுக்கும் தெரியும் என்றார். அவன் தண்ணீர் பாட்டிலைக் கீழே வைக்கப் பார்த்தான், அது உருண்டு போனது. முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். அழுதானா என்று இவருக்குத் தெரியவில்லை, கிட்டே போகத் தைரியம் இல்லை. தப்புப் பண்ணிவிட்டோமோ, ரோட்டோரச் சுவருக்கு அந்தப் பக்கம் பள்ளமாயிற்றே, இவன் பாட்டுக்கு எழுந்து நடந்தால் என்ன செய்வது என்று அவர் மனம் பதறியது. ஆகவே அவனுக்கும் சுவருக்கும் நடுவில் போய் நின்றுகொண்டார். தொண்டர் தூரத்திலிருந்தே வேன் வேண்டுமா என்று கை காட்டினார். அவன் எழுந்து, கீழே போகலாம், அக்காவைப் பார்க்க வேண்டும் என்றான். சைக்கிளிலேயே போகலாம் என்றான்.

இறக்கம் ஆரம்பித்தது. முதல் திருப்பம். வலது மாப்ள என்றார். பின்னால் அவன் கம்பு போல விறைத்திருந்தான். சாயவில்லை. சைக்கிள் ரோட்டின் விளிம்புக்கு ஓடியது. கற்கள் டயருக்கடியில் சிதறுவது கேட்டது. எறும்பு சார் இரண்டு பிரேக்கையும் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி நிறுத்தினார். முன்சக்கரம் விளிம்புக் கல்லைத் தொட்டுக்கொண்டு நின்றது.

"வலதுன்னு சொன்னேனே."

"நீங்க சொல்றதை நான் எப்படி நம்புறது?"

நம்பு என்று கேட்க அவருக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? கீழே பார்த்தார். பார்த்திருக்கக் கூடாது.

"நம்ப வேண்டாம். என் மேல கோவமாவே இரு, வீட்டுக்குப் போய் என்ன வேணும்னாலும் சொல்லு. ஆனா இடது பக்கம் பள்ளம், அடி தெரியல. நீ சாயலைன்னா ரெண்டு பேரும் போயிடுவோம். இது ஆறுதலுக்குச் சொல்றது இல்ல."

சைக்கிளைப் பின்னுக்குத் தள்ளி நிமிர்த்தினார்கள். அடுத்த திருப்பத்துக்கு முன்னால் எறும்பு சார் வாய்விட்டுச் சாமியைக் கூப்பிட்டார். இடது என்றார். பின்னால் கனம் இடது பக்கம் சாய்ந்தது. வேண்டாவெறுப்பாக, கொஞ்சம் தாமதமாக, ஆனால் சாய்ந்தது. அடுத்ததற்கும் சாய்ந்தது. மலை முழுவதும் இவர் கத்திக்கொண்டே வந்தார்: ஈரம், குழி, வலது, எனக்குக் கை வலிக்குது, இடது, இங்க ரொம்பப் பயம். அவன் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. சாய மட்டும் சாய்ந்தான்.

பள்ளிக்கூட வாசலில் எல்லாரையும்விடக் கடைசியாக வந்து நின்றார்கள். அக்கா ஓடி வந்தாள். துண்டும் கையுமாக, எப்படிடா இருந்துச்சு, கால் வலிக்குதா என்று கேட்டுக்கொண்டே அவன் முகத்தைத் துடைக்கப் போனாள். அவன் துண்டை விலக்கினான்.

"எனக்குப் பார்வை வராதாம். உனக்கும் தெரியுமாமே."

அவள் கணவரைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு எறும்பு சார் தலையைக் குனியத்தான் முடிந்தது. அவள் தம்பியின் கையைப் பிடித்து இழுத்து, எப்போதும் போல அவனை உள்ளே கூட்டிப் போகப் பார்த்தாள். அவன் கையை உருவிக்கொண்டான்.

"பிடிக்காத. எதிர்ல என்ன இருக்குன்னு மட்டும் சொல்லு."

"ஒண்ணும் இல்லடா, வா."

அவன் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். எறும்பு சார் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, முதல் தடவையாகத் தம்பிக்கு முன்னால் தரையில் என்ன இருக்கிறது என்று பார்த்தாள்.

"மூணு படி இருக்கு" என்றாள். "நடுப்படி உடைஞ்சிருக்கு. பக்கத்துல பிடிச்சுக்க எதுவும் இல்ல."

அவன் காலை மெல்ல முன்னால் நீட்டி, முதல் படியைத் தேடினான்.